கிழமை பார்க்காத சுற்றுலாத் திட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் ‘ஒரு வாரத்தில் பாரிஸ்’, ‘ஏழு நாளில் டோக்கியோ’ என்ற வகைத் திட்டங்கள் வருகின்றன. முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசை போட்டு இடங்களை அடுக்கிவிடுகிறார்கள். அந்த முதல் நாள் திங்களா, வியாழனா என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதை நம்பிக் கிளம்புகிறவர் ஒரு நாளாவது பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பார்.

கணக்கு எளிது. ஒரு வாரம் தங்கினால் ஏழு கிழமையும் ஒவ்வொரு முறை வரும். அந்த ஊரில் எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறையோ, அது தப்பாமல் உங்கள் பயணத்துக்குள் வந்து விழும். மூன்று நாள் பயணத்தில் விடுமுறைக் கிழமை வெளியே போய்விட வாய்ப்புண்டு. ஏழு நாளில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. எனவே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் போடும்போதே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வார விடுமுறையை எழுதிவிட வேண்டும். விமான டிக்கெட்டின் தேதியைக்கூட அதற்குப் பிறகு முடிவு செய்வது நல்லது.

பாரிஸையே எடுத்துக்கொள்வோம். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. இதில் மூடியிருக்கும் நாளைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. திங்களன்று ஓர்சேயும் வெர்சாயும் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் லூவர் பக்கம் திரும்புகிறது. மறுநாள் லூவர் மூடியதும் வெர்சாயில் நெரிசல். ஒன்று மூடும் நாளில் மற்றொன்றுக்குப் போவது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். எல்லோருக்கும் அதே யோசனைதான் வரும். லூவர் புதன், வெள்ளி இரவு 9 மணி வரையிலும், ஓர்சே வியாழன் இரவு 9.45 வரையிலும் திறந்திருக்கும். காலையில் வந்த குழுக்களெல்லாம் கிளம்பிய பிறகு, மாலை 5 மணிக்கு மேல் உள்ளே போனால் அதே ஓவியங்களின் முன்னால் நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

டெல்லியில் திங்கள்தான் கண்டம். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்‌ஷர்தாம், தாமரைக் கோயில் நான்குக்கும் அன்று விடுமுறை. குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் திங்களுக்கு வைத்துக்கொண்டால் தீர்ந்தது, இரண்டும் எல்லா நாளும் திறந்திருப்பவை. அங்கிருந்து ஆக்ராவுக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்கள் வெள்ளியைத் தவிர்க்க வேண்டும்; தாஜ் மஹால் அன்று மூடல். சியோலில் கியோங்போக் அரண்மனைக்குச் செவ்வாயும் சாங்தோக் அரண்மனைக்குத் திங்களும் விடுமுறை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் புதன். வாட்டிகன் அருங்காட்சியகங்கள் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசை மதிலைச் சுற்றி நீளும். இலவச நாள் என்று கண்டதும் ஓடுகிறவர்கள், மிச்சமாகும் காசுக்கு எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கப்போகிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

டோக்கியோவில் இன்னொரு நுணுக்கம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஆனால் அந்தத் திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் அன்று திறந்துவைத்துவிட்டுச் செவ்வாயன்று மூடுவார்கள். ஜப்பானில் பல அருங்காட்சியகங்களுக்கு இதே வழக்கம்தான். ஆகவே, போகும் வாரத்தில் அந்த நாட்டின் அரசு விடுமுறை ஏதும் வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மே 1 அன்று லூவர் மூடல். டிசம்பர் 25 அன்று லண்டனில் மெட்ரோ, பேருந்து, ரயில் எதுவும் ஓடாது. அன்று ஊர்சுற்றத் திட்டம் போட்டவர் கால்நடையாகத்தான் சுற்ற வேண்டும்.

நீண்டகாலப் பழுதுபார்ப்பு வேறு. பெர்லினின் பெர்காமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் முழுதாக மூடப்பட்டது. பாரிஸின் நவீனக் கலை அருங்காட்சியகம் உள்ள பொம்பிடு மையம் 2025 செப்டம்பரில் மூடியது, 2030 வரை திறக்காது. இரண்டும் பழைய கட்டுரைகளில் ‘கட்டாயம் பார்க்க வேண்டியவை’ பட்டியலில் இன்னும் இருக்கின்றன. பழைய திட்டத்தைப் பிரதி எடுக்கிறவர்கள் அவற்றையும் சேர்த்தே எடுக்கிறார்கள். இதற்கு மாறாக, 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர்-தாம் பேராலயம் 2024 டிசம்பரிலேயே திறந்துவிட்டது. அது இன்னமும் மூடியிருப்பதாக எண்ணி ஒதுக்குகிறவர்களும் உண்டு. எந்த இடமானாலும் அதன் சொந்த இணையதளத்தில் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு முறை, முந்தைய நாள் ஒரு முறை பார்த்துவிடுவதே வழி.

அடுத்து, தாளில் திட்டம் போடும் விதம். ஏழு பத்தி, மூன்று வரிசை கோடு போடுங்கள்: காலை, பிற்பகல், மாலை. 21 கட்டங்கள் வரும். வந்திறங்கும் நாளில் இரண்டையும் கிளம்பும் நாளில் இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். மிச்சம் 17. இதில் 12 அல்லது 13 கட்டங்களுக்கு மேல் நிரப்பக் கூடாது. காலியாக விட்டவை வீண் போவதில்லை. மழை, தலைவலி, நின்றுபோன ரயில், எதிர்பாராமல் பிடித்துப்போன ஒரு தெரு, எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான் வந்து உட்காரும். நிரப்பும் வரிசையும் முக்கியம். முதலில் நேரம் குறித்த சீட்டு தேவைப்படும் இடங்கள். பிறகு இரவு வரை திறந்திருக்கும் நாட்கள். அப்புறம் வெளியூர் போய்வரும் ஒரு நாள். இதை வார நடுவில் வைக்க வேண்டும், ஏனென்றால் சனி ஞாயிறுகளில் உள்ளூர்க்காரர்களும் அதே ரயிலில் கிளம்புவார்கள். பூங்கா, ஆற்றங்கரை, பழைய தெருக்கள் போலக் கதவே இல்லாத இடங்களைக் கடைசியில் நிரப்பினால் போதும்.

நேரச் சீட்டு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு நேரில் போய்ச் சீட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டுகளை இணையத்தில் வெளியிடுவார்கள். மிலனில் லியனார்தோவின் ‘கடைசி இராவுணவு’ சுவரோவியத்தைப் பார்க்கச் சிறு குழுக்களாக 15 நிமிடம்தான் அனுமதி. ரோமில் போர்கேஸே கலைக்கூடத்தில் முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஸ்பெயினில் கிரனாடாவின் அல்ஹாம்ப்ரா கோட்டை வளாகத்தில் நாஸ்ரித் அரண்மனைகளுக்குச் சீட்டில் அச்சிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டும். வளாகம் பெரியது, வாசலில் இருந்து அங்கே நடந்து போகவே நேரம் பிடிக்கும் என்பது தெரியாமல் தவறவிடுகிறவர்கள் உண்டு. பெய்ஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிய வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு.

இங்கே தவறு நேரும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சீட்டு வெளியாகும் நேரம் அந்த ஊரின் கடிகாரப்படி. நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்காமல் விட்டால், நாம் உட்காரும்போது எல்லாம் விற்றுப்போயிருக்கும். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம், அதாவது மறுவிற்பனைத் தளம். அங்கே விலை கூடுதலாக இருக்கும், பெயரை மாற்ற முடியாது, ரத்து செய்ய முடியாது. அந்த இடத்தின் இணையதளத்துக்குள் நேராகப் போய், அங்கிருந்து சீட்டுப் பக்கத்துக்குச் செல்வதே பாதுகாப்பு. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத வேண்டும். நம் தமிழ்ப் பெயர்களில் இன்ஷியல் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் அது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும், சீட்டில் ஒற்றை எழுத்தாக நிற்கும். கொலோசியம் போலப் பெயரைச் சரிபார்க்கும் வாசல்களில் இது வீண் வாக்குவாதத்தில் முடியும். க்யூஆர் குறியீட்டை மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்காமல் செல்பேசியில் படமாகச் சேமியுங்கள், குழுவில் இன்னொருவர் பேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஒரே நாளில் இரண்டு நேரச் சீட்டு போதும். இரண்டுக்கும் நடுவில் முதல் இடத்தைப் பார்க்கும் நேரம், பயண நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களில் பாதுகாப்புச் சோதனை, மேலங்கியும் பையும் ஒப்படைக்கும் வரிசை எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மூடும் நேரம் 6 மணி என்றால் கடைசி நுழைவு பெரும்பாலும் 5 அல்லது 5.30. காவலர்கள் கூடங்களைக் காலி செய்யத் தொடங்குவதும் 6-க்கு முன்னரே. திட்டத்தில் எழுத வேண்டியது கடைசி நுழைவு நேரத்தை.

வரைபடம் காட்டும் தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘மெட்ரோவில் 12 நிமிடம்’ என்பது ரயிலுக்குள் இருக்கும் நேரம். தெருவிலிருந்து நடைமேடைக்கு இறங்க, வண்டி மாற, சரியான வாயிலைக் கண்டுபிடித்து வெளியே வர இன்னும் 15 நிமிடம் சேர்க்க வேண்டும். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் 200-க்கும் மேற்பட்ட வாயில்கள். தப்பான வாயிலில் ஏறிவிட்டால் நிலையத்தைச் சுற்றி வரவே கால் மணி நேரம் ஆகும். அதனால் இடத்தின் பெயரோடு வாயில் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா இடங்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அவை நான்கைந்து கொத்துகளாகப் பிரியும். ஒரு நாளுக்கு ஒரு கொத்து. காலையில் வடக்கு, மதியம் தெற்கு என்று ஓடினால் நாளில் மூன்று மணி நேரம் நிலத்தடியில் போய்விடும். ஒரு கொத்துக்குள் பெரிய இடம் ஒன்று, சிறியது ஒன்று, நடந்து சுற்ற ஒரு பகுதி, இதுவே ஒரு நாளின் கொள்ளளவு. குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் சிறியதையும் விட்டுவிடலாம்.

பயண அட்டைகளுக்கு வருவோம். ‘வார பாஸ்’ என்ற பெயர் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். பாரிஸின் வாராந்திர நாவிகோ பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரை. வியாழனன்று இறங்கி அதை வாங்கினால் கையில் இருப்பது நான்கு நாள்தான். வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கானதைத்தான் விற்பார்கள். அட்டையில் ஒட்ட ஒரு சிறு புகைப்படமும் வேண்டும். லண்டனில் தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை, வங்கி கார்டையே வாசலில் தொட்டால் போதும். ஒரு நாளுக்கும், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் கார்டையும், அதே கார்டு ஏற்றிய செல்பேசியையும் மாற்றி மாற்றித் தொட்டால் இரண்டும் வேறு வேறு கணக்காகிவிடும், வரம்பை இரண்டுமே எட்டாது. ஒரு கார்டில் இருவர் போக முடியாது. நியூயார்க்கில் ஏழு நாள் வரம்பு முதல் தொடுகையிலிருந்து தொடங்குகிறது, கிழமை பற்றிக் கவலையில்லை. டோக்கியோவின் 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டுகள் முதல் முறை நுழைத்த நிமிடத்திலிருந்து ஓடும். ஆனால் யாமனோத்தே போன்ற ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதைகளில் செல்லாது. லண்டன் பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட வேண்டும், சிங்கப்பூரில் இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணம். பெர்லினிலும் ரோமிலும் காகிதச் சீட்டை எந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறினால், காசு கொடுத்து வாங்கியிருந்தும் அபராதம்.

சுற்றுலா நகர அட்டைகளை ‘60 இடங்கள் இலவசம்’ என்று விற்கிறார்கள். 60-ஐ மறந்துவிட்டு, உங்கள் கட்டங்களில் ஏற்கெனவே எழுதியிருக்கும் இடங்களின் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். அது அட்டையின் விலையைத் தாண்டினால் வாங்கலாம். அட்டைக்காகவே இடங்களைச் சேர்த்துக்கொண்டு ஓடுவது அபத்தம். அட்டை இருந்தாலும் வரிசை தப்பாது. பாரிஸ் அருங்காட்சியக அட்டை வைத்திருப்பவரும் லூவருக்குத் தனியாக நேரம் பதிய வேண்டும். அட்டை மணிக்கணக்கில் ஓடுகிறதா, நாட்காட்டி நாளாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். நாட்காட்டிக் கணக்கு என்றால் மாலை 4 மணிக்குத் தொடங்கியவருக்கு ஒரு முழு நாள் போச்சு.

தங்குமிடத்தைப் பற்றி ஒரே வரி: ‘நகர மையம்’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காமல், இரண்டு மெட்ரோ பாதைகள் சந்திக்கும் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை எடுங்கள். வாரக் கடைசியில் லண்டன், நியூயார்க் போன்ற பழைய ரயில் வலைப்பின்னல்களில் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவார்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கும். அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். காலை 6-க்கு இறங்குகிறவர் அதுவரை பெட்டியை என்ன செய்வார்? ஹோட்டலில் வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பெரிய பெட்டியோடு போனால் அருங்காட்சியகங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

நேர மண்டலம் மாறிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேற்கு நோக்கிப் போனால் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும், மாலை ஏழுக்குக் கண் சொருகும். கிழக்கு நோக்கிப் போனால் இரவில் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. எனவே மேற்கே போகிறவர்கள் முதல் இரண்டு நாட்களில் காலை முதல் நேரச் சீட்டுகளையும், கிழக்கே போகிறவர்கள் பிற்பகல் சீட்டுகளையும் எடுக்க வேண்டும். இறங்கிய அன்று அருங்காட்சியகமே வேண்டாம். படகுச் சவாரியோ, ஊரைச் சுற்றும் சாதாரணப் பேருந்தின் மாடி இருக்கையோ போதும். வரைபடத்தில் பார்த்த ஊர் கண்ணுக்குப் பழகும். மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். போக்குவரத்து நெரிசல் மிகுந்த நகரங்களில் அது பாதி நேரம் சிக்னலில் நிற்பதற்குக் கொடுக்கும் காசு என்பது என் கருத்து.

உயரமான கோபுரங்களுக்கு ஏறுவதானால் சூரிய மறைவுக்கு 45 நிமிடம் முன்னதான சீட்டை எடுங்கள். பகல், அந்தி, விளக்கொளி மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். ஆனால் மறைவு நேரம் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு மாறும் என்பதை நம் அட்சரேகையில் வாழ்கிறவர்கள் உணர்வதில்லை. லண்டனில் ஜூனில் இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், டிசம்பரில் மாலை 4 மணியளவிலேயே மறைந்துவிடும். டிசம்பரில் போகிறவர் வெளி இடங்களையெல்லாம் காலைக் கட்டங்களிலும், கூரையுள்ளவற்றைப் பிற்பகலிலும் வைக்க வேண்டும்.

பணம் எடுக்கும்போதும் கார்டு தேய்க்கும்போதும், உள்ளூர் நாணயத்தில் கணக்கிடவா, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று எந்திரம் கேட்கும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதில் மாற்று விகிதத்தை அந்த எந்திரத்துக்காரரே வைத்துக்கொள்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை வெளியிடும்போது ஒவ்வோர் இடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் நான்கு விவரங்களை அச்சிடச் செய்யுங்கள்: வார விடுமுறை, கடைசி நுழைவு நேரம், எத்தனை நாள் முன்பு பதிய வேண்டும், இந்த விவரம் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது. இடம் போதவில்லையென்றால் ஒரு புகைப்படத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பயணப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் வாசகர்